பாதத்திலிருந்து தலை வரை: நிற்பது பற்றிக் கொஞ்சம்

"நேரா நில்லுங்க" என்று யாரிடம் சொன்னாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. நெஞ்சு முன்னால் வரும். தோள்பட்டை இரண்டும் பின்னால் இழுபடும். முட்டி இரண்டும் பின்பக்கமாகப் போய்ப் பூட்டிக்கொள்ளும். மூச்சு பாதியில் நின்றுவிடும். அரை நிமிடம் அப்படி இருந்துவிட்டு, ஒரு பெருமூச்சோடு இடுப்பை ஒரு பக்கம் தள்ளிப் பழையபடி தொய்ந்துவிடுவார்கள். மதுரையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் எனக்கு இது தினமும் பார்க்கிற காட்சி. பள்ளிக்கூட பிரேயரில் 'அட்டென்ஷன்' சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நன்றாக நிற்பது என்றால் விறைப்பாக நிற்பது என்று நம் உடம்பு படித்து வைத்திருக்கிறது.

எனக்கு இதில் வலுவான கருத்து உண்டு. எந்த நிலையில் நின்றால் தசைகளுக்கு மிகக் குறைந்த வேலை இருக்கிறதோ, மூச்சு தடையில்லாமல் அடிவயிறு வரை போய் வருகிறதோ, அதுதான் நல்ல நிலை. எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்துவிட்டால் அவையே எடையைத் தாங்கிக்கொள்ளும். அமைதியாக நிற்கிற ஒருவரின் தசைகளில் ஓடும் மின்சாரத்தை அளந்து பார்த்தால், தொடையின் முன்தசையும் பிட்டத்தின் பெரிய தசையும் ஏறக்குறைய ஓய்வில்தான் இருக்கின்றன. ஓயாமல் வேலை செய்வது கெண்டைக்காலின் உள்ளடுக்கில் இருக்கும் சோலியஸ் என்ற தசை. அதற்குக் காரணம் உண்டு. உடம்பின் எடை கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழுகிறது. அதனால் உடம்பு எப்போதும் முன்பக்கம் சாயப் பார்க்கிறது, சோலியஸ் பின்னாலிருந்து அதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. நாள் முழுக்க நின்றவர்களுக்கு முதலில் கெண்டைக்கால் கனத்துப்போவது இதனால்தான்.

கொத்தனார் சுவருக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பதுபோல எங்கள் துறையிலும் மனிதருக்கு ஒரு நூல் உண்டு. விட்டத்திலிருந்து நூலைத் தொங்கவிட்டு, அதன் அருகே ஆளைப் பக்கவாட்டில் நிறுத்துவோம். நூலின் அடி, வெளிக் கணுக்கால் எலும்புக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். அங்கிருந்து மேலே போனால் முட்டியின் மையத்துக்குச் சற்று முன்னால், இடுப்பு மூட்டுக்குச் சற்றே பின்னால், தோள் மூட்டின் நடுவில், கடைசியாகக் காது மடல். இந்தப் புள்ளிகள் ஏறத்தாழ நூலை ஒட்டி வந்தால் போதும். மில்லிமீட்டர் கணக்கில் யாரும் அப்படி நிற்பதில்லை, நிற்கவும் தேவையில்லை.

ஏனென்றால் யாரும் உண்மையில் அசையாமல் நிற்பதே இல்லை. பிள்ளைகள் நீளமான குச்சியை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடுவார்கள். குச்சி விழாமல் இருக்கக் கை ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். நிற்கிற உடம்பும் அப்படித்தான், இங்கே கணுக்கால்தான் அந்தக் கை. கண்ணை மூடிக்கொண்டு, பாதங்களைச் சேர்த்து வைத்து நின்று பாருங்கள். உடம்பு முன்னும் பின்னும் ஆடுவது உங்களுக்கே தெரியும். கண், உள்காது, பாதத்தின் தோல், மூட்டுகள் எல்லாம் அனுப்பும் தகவலை வைத்து மூளை அந்த ஆட்டத்தை நொடிக்கு நொடி திருத்துகிறது. விறைப்பாக நிற்கும்போது இந்தத் திருத்தத்துக்கு இடம் குறைந்துவிடுகிறது.

சரி, கீழேயிருந்து ஆரம்பிக்கலாம். பாதத்தைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, யாரும் கவனிக்காத இடம் அதுதான். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவை தரையில் ஊன்றுவது முக்கியமாக மூன்று இடங்களில்: குதிகால், பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் மேடு, சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கும் மேடு. வெறுங்காலுடன் நிற்கும்போது எடையில் பாதிக்குமேல் குதிகாலில் இறங்குகிறது, மீதியில் பெரும்பங்கு முன்மேடுகளுக்குப் போகிறது. விரல்களுக்கு வருவது மிகச் சிறிய பங்கு. ஆனால் பலருடைய விரல்களைப் பார்த்தால் தரையைக் கவ்விப் பிடித்திருக்கும். வார் பிடியாகாத ரப்பர் செருப்பை விரலால் இறுக்கியே பழகியவர்களுக்கு, செருப்பைக் கழற்றிய பிறகும் அந்தக் கவ்வல் போவதில்லை.

வீட்டில் மொசைக் தரையிலோ டைல்ஸிலோ வெறுங்காலுடன் நில்லுங்கள். இரண்டு பாதங்களுக்கும் நடுவே இன்னொரு பாதம் வைக்கும் அளவு இடம் இருக்கட்டும். விரல் நுனி லேசாக வெளிப்பக்கம் பார்த்தால் தவறில்லை, அது பலருக்கு இயல்பு. இப்போது எடையை மெல்ல முன்மேட்டுக்குக் கொண்டுபோங்கள். விரல்கள் இறுகும். பிறகு குதிகாலுக்குக் கொண்டுபோங்கள். விரல்கள் தரையை விட்டு எழப் பார்க்கும், முட்டிக்குக் கீழ் முன்கால் தசை கூட இழுக்கும் என்று சிலர் சொல்வார்கள். இப்படி முன்னும் பின்னும் ஆடி, ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் விரல்களும் அமைதியாக இருக்கும், குதிகாலும் பாரமாக இருக்காது. அந்த இடம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மேலே உள்ள பாதி வேலை தானாக முடிந்துவிடும்.

தட்டைப் பாதம் என்று பயந்து வருகிறவர்கள் நிறையப் பேர். வலி இல்லாத தட்டைப் பாதத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. குதிகாலைத் தூக்கி விரல்முனையில் நின்றால் உள்வளைவு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது நெகிழ்வான பாதம், கவலை வேண்டாம். செருப்புக்குள் வைக்கும் விலை உயர்ந்த அட்டைக்குப் பணம் செலவழிக்கும் முன் இதையாவது பார்த்துவிடுங்கள்.

முட்டிக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. நின்றபடி முட்டிச் சிப்பியை இரண்டு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாருங்கள். லகுவாக நகர்ந்தால் தொடைத்தசை ஓய்வில் இருக்கிறது என்று பொருள். நகரவே இல்லை என்றால் தொடையை இறுக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். இன்னொரு வகையினர் உண்டு. அவர்களுக்குச் சிப்பி நகரும், ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் கால் வில்போலப் பின்னால் வளைந்திருக்கும். மூட்டுகள் இயல்பிலேயே தளர்ந்த இளம் பெண்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். இவர்கள் முட்டியை மடக்கத் தேவையில்லை. பூட்டை மட்டும் ஒரு நூலளவு திறந்தால் போதும். வெளியே பார்க்கிறவர்களுக்கு அந்த மாற்றம் கண்ணில்கூடப் படாது.

இனி இடுப்பு. கடையில் நிற்பவர்கள், பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பவர்கள், வகுப்பில் கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியர்கள் என்று பெரும்பாலானோர் நிற்கும் முறை ஒன்றுதான். இடுப்பு முன்னால் நழுவிப் போயிருக்கும், மார்பு அதை ஈடுகட்டப் பின்னால் சாய்ந்திருக்கும், தலை மறுபடி முன்னால் நீண்டிருக்கும். இடுப்பு மூட்டின் முன்பக்கம் ஒரு தசைநார் இருக்கிறது. நம் உடம்பின் மிக வலுவான நார்களில் அது ஒன்று. கால் அளவுக்குமேல் பின்னால் போகாமல் தடுப்பது அதன் வேலை. இடுப்பை முன்னால் தள்ளிவிட்டால் உடம்பின் மேல்பாதி முழுக்க அந்த நாரின்மேல் தொங்கிக்கொள்ளலாம், தசைக்குச் செலவே இல்லை. உடம்பு இதைத் தேர்ந்தெடுப்பதில் ஆச்சரியம் இல்லை. பத்து நிமிடம் அப்படி நிற்பதில் கெடுதலும் இல்லை. மணிக்கணக்காக அதே நாரிலும், கீழ்முதுகின் பின்பக்கத்துச் சிறு மூட்டுகளிலும் பாரம் ஏறிக்கொண்டே இருந்தால்தான் சாயங்காலம் இடுப்பு கடுக்கத் தொடங்குகிறது.

இதைச் சரிபார்க்க இரண்டு உள்ளங்கைகளையும் அடிவயிற்றில் வையுங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதி இடுப்பின் முன்பக்கம் துருத்தும் எலும்பின் மேல் இருக்கட்டும், விரல் நுனிகள் கீழே நடுவில் உள்ள எலும்பைத் தொடட்டும். அந்தக் கைகள் ஏறத்தாழ சுவரைப்போலச் செங்குத்தாக இருந்தால் இடுப்பு சமநிலையில் இருக்கிறது. விரல் நுனி பின்னால் போய் உள்ளங்கையின் அடி முன்னால் சாய்ந்திருந்தால் கீழ்முதுகு அதிகம் வளைந்திருக்கும். கொஞ்சம் சாய்வு பலருக்கும் இயல்புதான், அதை இழுத்து நிமிர்த்த வேண்டாம். பிட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லும் வீடியோக்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாள் முழுக்க எந்தத் தசையையும் இறுக்கிக்கொண்டு இருக்க முடியாது.

இடுப்பை அதன் இடத்துக்குக் கொண்டுவந்ததும் "முன்னால விழப்போற மாதிரி இருக்குக்கா" என்பார்கள். பக்கவாட்டில் எடுத்த போட்டோவைக் காட்டினால்தான் நம்புவார்கள். பல வருடப் பழக்கத்தை மூளை 'நேர்' என்று கணக்கு வைத்திருக்கிறது, அதனால் உண்மையான நேர் கோணலாகப் படுகிறது. கொஞ்ச நாளில் பழகிவிடும்.

அதற்கு மேலே உள்ளதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெஞ்சை நிமிர்த்தினால் கீழ்விலா எலும்புகள் முன்னால் தூக்கிக்கொண்டு முதுகு உள்ளே வளைகிறது, அதனால் விலாக்கூடு இடுப்புக்கு நேர்மேலே இருந்தால் போதும். தோளைப் பின்னால் இழுக்காதீர்கள், கீழே விடுங்கள். கைகள் தொங்கும்போது கட்டைவிரல் ஏறக்குறைய முன்பக்கம் பார்க்க வேண்டும். புறங்கை முழுக்க முன்னால் தெரிந்தால் தோள் உள்பக்கம் சுருண்டிருக்கிறது. தலை நாலைந்து கிலோ இருக்கும். தாடையைத் தூக்காமல், உச்சந்தலை மேலே போவதாக நினைத்தால் காது தோளுக்கு மேலே வந்துவிடும்.

மொபைலைக் குனிந்து பார்த்தால் கழுத்தில் 27 கிலோ ஏறுகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. 2014-இல் நியூயார்க்கைச் சேர்ந்த கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற முதுகெலும்பு அறுவை மருத்துவர் கணினி மாதிரியில் போட்ட கணக்கு அது. கழுத்தை 60 பாகை வளைத்தால் வரும் எண். யாருடைய கழுத்திலும் கருவி வைத்து அளந்ததில்லை. குனிவதால் கழுத்துத் தசைக்கு வேலை கூடுவது உண்மைதான். அதற்காகக் குனிந்தாலே கழுத்து கெட்டுவிடும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் தட்டுகளின் (டிஸ்க்) அழுத்தத்தை நிஜமாகவே மனிதருக்குள் அளந்தவர்கள் உண்டு. சுவீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் ஊசி முனையில் கருவி பொருத்தித் தட்டுக்குள் செலுத்திப் பார்த்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் சுமார் 40 சதவீதம் அதிகம் என்று அவருடைய அளவுகள் சொல்லின. உட்கார்வது முதுகுக்குக் கேடு என்ற பேச்சு பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான். 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹான்ஸ் யோவாக்கிம் வில்கேயின் குழு ஒரு தன்னார்வலரின் தட்டில் கருவியை வைத்து ஒரு நாள் முழுக்க அளந்தது. அதில் நிற்பதும் சாதாரணமாக உட்காருவதும் ஏறக்குறைய சமமாக வந்தன. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தபோது அழுத்தம் நிற்பதைவிடக் குறைந்தே போனது. ஆகவே உட்காருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். நிற்கும் வேலை உடற்பயிற்சிக்குச் சமம் என்றும் யாரும் சொல்ல வேண்டாம்.

நின்ற கோலத்தில் எத்தனை வகை உண்டு என்று நம் ஸ்தபதிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்களும் நூல் பிடித்துத்தான் படிமம் செய்தார்கள். இரு கால்களிலும் எடை சமமாக இறங்கினால் சமபங்கம், லேசாக ஒரு பக்கம் சாய்ந்தால் அபங்கம், மூன்று இடத்தில் வளைந்தால் திரிபங்கம். தஞ்சாவூர் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் இருக்கிறார், 1011-ஆம் ஆண்டையொட்டிய சோழர் வெண்கலம். ஒரு காலில் எடையை வைத்து, மற்ற காலைக் குறுக்கே போட்டு, காளையின்மேல் கையைச் சாய்த்து நிற்கிற பாவனை. காளை இப்போது இல்லை, சாய்ந்த கை மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தச் சிலையின் முன்னால் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருக்கிறது, தோள் அதற்கு ஏற்ப இறங்கியிருக்கிறது, எந்தத் தசையிலும் இறுக்கம் தெரியவில்லை. ஒரு காலில் சாய்ந்து நிற்பது கெட்ட பழக்கம் என்று பாடம் நடத்துகிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். சிவகங்கைப் பக்கம் ஆடு மேய்ப்பவர்களும் கோலை ஊன்றி அப்படித்தான் நிற்கிறார்கள். சங்கப் பாடல்களில் வரும் இடையனும் கோலூன்றியே நிற்கிறான். காலை மாற்றிக்கொள்ள முடிகிறவரை ஒரு காலில் நிற்பது நல்ல ஓய்வு. எப்போதும் அதே காலில், அதே இடுப்பில் குழந்தையை வைத்து நிற்கும்போதுதான் தொந்தரவு.

என்னிடம் வருகிறவர்களில் ஜவுளிக்கடைப் பெண்கள் அதிகம். "காலையில எந்திரிச்சுக் குதிகாலக் கீழ வைக்க முடியலக்கா" என்பார்கள். "ராத்திரி படுத்தா காலு ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்பார்கள். காலையில் வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால் அது பாதத்தின் அடியில் இருக்கும் தடித்த நாரின் பிரச்சினை. கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும் கொஞ்சம் மெத்தென்ற செருப்பும் பெரும்பாலும் உதவும். இரவு தெறிப்புக்குக் காரணம் வேறு. காலிலிருந்து இரத்தம் மேலேறக் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிய வேண்டும், அப்போதுதான் சிரைகள் அழுத்தப்பட்டு இரத்தம் மேலே தள்ளப்படும். நடந்தால் அது நடக்கிறது. ஓரிடத்தில் நின்றால் இரத்தம் கீழேயே தேங்குகிறது, கணுக்கால் வீங்குகிறது, வருடக்கணக்கில் போனால் நரம்பு சுருட்டிக்கொள்ளவும் வாய்ப்புக் கூடுகிறது. வெயிலில் அணிவகுப்பில் விறைத்து நிற்கும் பிள்ளைகள் மயங்கி விழுவதும் இதே கணக்கில்தான், மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்துவிடுகிறது.

இவர்களிடம் தூக்குக்குண்டு நேரைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. எவ்வளவு அழகாக நின்றாலும் பத்து மணி நேரத்தைத் தாங்குகிற நிலை என்று ஒன்று கிடையாது. அதனால் அசையச் சொல்கிறேன். புடவை எடுத்துக் காட்டும் இடைவெளியில் குதிகாலை மெல்லத் தூக்கி இறக்கலாம். கவுண்டருக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு கட்டையோ பெட்டியோ போட்டு, ஒரு காலை அதில் வைத்து, கொஞ்ச நேரம் கழித்துக் காலை மாற்றலாம். கீழ்முதுகின் வளைவு அப்போதே தளரும். சமையல் மேடைக்கு அடியிலும் இதே உத்தி பலிக்கும், பழைய மணைப்பலகை போதும். மேடையின் உயரத்தையும் பாருங்கள். காய் நறுக்கும் இடம் முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருந்தால் தோள் தூக்காது, முதுகும் குனியாது. குள்ளமான அம்மாவுக்கும் உயரமான மகனுக்கும் ஒரே மேடை பொருந்தாது. யார் அதிகம் நிற்கிறார்களோ அவர்கள் அளவுக்குக் கட்டுங்கள்.

கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலிப்பது போன்றவற்றுக்கு நிற்கும் முறையைத் திருத்திக்கொண்டிருக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு யூனிஃபார்மில் ஒரு தோள் மட்டும் உயர்ந்து தெரிந்தால் கைகளைச் சேர்த்து முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாக எழுந்தால் அதையும் காட்டிவிடுவது நல்லது.

நிற்கும் வேலைக்காரர்களுக்குச் சட்டமும் துணை வந்திருக்கிறது. கோழிக்கோட்டில் பி. விஜி என்ற தையல்காரர் முன்னின்று நடத்திய 'பெண்கூட்டு' அமைப்பு, கடைப் பெண்களின் கழிப்பறைக்காகவும் உட்காரும் உரிமைக்காகவும் போராடியது. 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்து, 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு, எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. "ஸ்டூல் கெடக்குக்கா, உக்காந்தா சூப்பர்வைசர் மொறைப்பாரு" என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். உட்கார்ந்திருக்கும் விற்பனைப் பெண்ணைச் சோம்பேறியாகப் பார்க்கும் கண் வாடிக்கையாளர்களான நம்மிடமும் இருக்கிறது. கடைக்குள் நுழைந்ததும் அவள் பதறி எழுந்தால், "உட்காரும்மா, நாங்க பாத்துட்டுக் கூப்பிடுறோம்" என்று சொல்ல நமக்கு ஒன்றும் செலவில்லை. நான் சொல்லி வருகிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

ஸ்டூல் வாங்கும் கடைக்காரர்கள் குட்டையான பிளாஸ்டிக் ஸ்டூலை வாங்க வேண்டாம். அதில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் எழுவது முட்டிக்குப் பாரம், கவுண்டருக்குப் பின்னால் ஆள் மறைந்துபோவதால் யாரும் உட்காரவும் மாட்டார்கள். 60 முதல் 70 செ.மீ. உயரத்தில், கால் வைக்க ஒரு கம்பியோடு, அசையாமல் நிற்கிற ஸ்டூலாகப் பாருங்கள். பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் வேலை பார்க்கலாம், ஆள் வந்தால் சட்டென்று இறங்கலாம். அதைக் குடோனில் போடாமல் அவர்கள் நிற்கிற இடத்திலேயே போடுங்கள்.